கோணல் வம்சம்

மலேரியாக் கிருமி ஒன்று சிவப்பணுவுக்குள் நுழைந்து சம்மணமிட்டு உட்கார்ந்தது. "இங்கேதான் பிள்ளைகுட்டிகளைப் பெருக்கப்போகிறேன்" என்றது.

சிவப்பணு மெல்ல அரிவாள்போல வளையத் தொடங்கியது.

"என்ன இது, கூரை தலையில் இடிக்கிறதே?" என்றது கிருமி.

"எங்கள் வம்சத்துக் குணம். அழைக்காமல் யார் நுழைந்தாலும் வளைந்துவிடுவோம். உருண்டையாக இருக்கிறவர்கள் எங்களைக் கோணல் என்று கேலி செய்வார்கள்."

"வளைந்தால் மண்ணீரல் பிடித்து நொறுக்கிவிடுமே. நீயும்தானே சாவாய்?"

"ஆமாம்" என்றது சிவப்பணு, இன்னும் கொஞ்சம் வளைந்துகொண்டே.

மண்ணீரலின் வாசலில் காவல் அணு வழிமறித்தது. "ஏன் இப்படிக் கோணிக்கொண்டு வருகிறாய்?"

"தனியாக வரவில்லை, அண்ணே. உள்ளே ஒருவனைப் பிடித்து வைத்திருக்கிறேன்" என்றது சிவப்பணு, அந்த வளைந்த உடம்போடு தலைநிமிர்ந்து. "முதலில் கதவைச் சாத்துங்கள்."