இரண்டடி போதும்

"அஞ்சடி தோண்டணும். ஒரு அங்குலம் குறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டேன்" என்று நர்ஸம்மா மேஜையைத் தட்டினார். மூலையில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த கிளார்க்குக்கு வயிறு எரிந்தது.

நர்ஸம்மா முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டவர். இப்போது நகராட்சி உறுப்பினராகி, வாயாலேயே ஊசி போடுகிறார்.

விஷயம் இதுதான். பேட்டரி தொழிற்சாலை இருந்த காலி மனையில் இருநூறு வீடு கட்ட ஒரு கம்பெனி தயார். ஆனால் மண்ணைச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டியது நகராட்சி. அஞ்சடி தோண்டி மண்ணை மாற்ற எட்டு கோடி. ரெண்டடி என்றால் மூன்று கோடி. கஜானாவில் இருப்பதோ நாலு.

அந்த இருநூறில் ஒரு வீட்டுக்குக் கிளார்க்கும் மனுப் போட்டிருந்தாள். ஒற்றை அறை, அதில் மாமியார், புருஷன், ரெண்டு பிள்ளைகள். நாலு வருஷத்தில் மூன்று முறை சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வீடு மாறியாயிற்று. இந்த வீடும் கைவிட்டுப் போனால் அவளுக்கு வேறு கதி கிடையாது.

கம்பெனிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு முடிவு தெரியணும். இல்லன்னா பக்கத்து ஊர்ல கூப்பிடுறாங்க. கிளம்பிடுவோம்."

நர்ஸம்மா நகராட்சி இன்ஜினீயர் பக்கம் திரும்பினார். "அஞ்சடி ஆழம் வரைக்கும் ஈய விஷம் இறங்கியிருக்குன்னு போன மாசம் எழுதினது யாரு சார்? நீங்கதானே?"

எல்லோரும் இன்ஜினீயரைப் பார்த்தார்கள். அவர் தண்ணீர் குடித்தார்.

"மறுபடி சோதிச்சுப் பாத்தாச்சு. ரெண்டடி போதும். ஒரு ஆபத்தும் வராது, நான் உறுதி சொல்றேன்."

'மகராசன், நல்லா இருக்கணும்' என்று கிளார்க் மனசுக்குள் கும்பிட்டாள்.

வாக்கெடுப்பு. தூக்கிய கைகளை அவள் ரெண்டு தடவை எண்ணினாள். ரெண்டடிக்குப் பன்னிரண்டு, அஞ்சடிக்குப் பதினொன்று. நர்ஸம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். போகட்டும், சொந்த வீடு இருக்கிறவங்களுக்கு என்ன தெரியும் என்று கிளார்க் நினைத்துக்கொண்டாள்.

சேதி அதற்குள் தெருவுக்குப் போய்விட்டது. அவள் கீழே வந்து மனு வாங்கும் ஜன்னலைத் திறப்பதற்குள் வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

பின்பக்கக் கதவு வழியாக இன்ஜினீயர் உள்ளே வந்தார்.

"ஒரு மனுவைத் திரும்ப எடுத்துக்கணும்மா. என் பையனோடது."

"ஏன் சார்? ஏழாவது நம்பர். கண்டிப்பாக் கிடைச்சிடுமே!"

"பரவாயில்ல, குடு."

"வேற வீடு பாத்துட்டாங்களா?"

"இல்ல." அவர் ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "மருமகளுக்கு ஏழாம் மாசம். குழந்தை பொறந்து, தவழ ஆரம்பிச்சு... நீயே புரிஞ்சுக்கோ."

அவளுக்குப் புரிந்தது. மனுவை எடுத்து நீட்டினாள்.

"யார்கிட்டயும் சொல்லிக்காத" என்றார். போய்விட்டார்.

அட பாவி மனுஷா! ஊருக்கு ஒரு நியாயம், உன் வீட்டுக்கு ஒரு நியாயமா? அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. இப்போதே மாடி ஏறி நகராட்சித் தலைவரிடம் போய்க் கேட்டுவிட வேண்டும் என்று எழுந்தாள்.

எழுந்தவள் நின்றாள். கேட்டால் கம்பெனி போய்விடும். தலைவரே முன்னால் நின்று கொண்டுவந்த திட்டம் வேறு. அவள் வேலையும் போகும். வீட்டில் சின்னவளுக்கு ரெண்டு வயசு, எங்கே மண்ணைப் பார்த்தாலும் அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும்.

மனுக்கட்டுக்குள் பதினெட்டாவதாக இருந்த தன்னுடையதை உருவினாள். நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அடுத்து யாரு? வாங்க."

இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். மனுவை நீட்டியவள் தயங்கினாள்.

"அக்கா, அந்த மண்ணுல ஏதோ கோளாறுன்னு பேசிக்கிறாங்களே. பயமில்லையே?"

கிளார்க் முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினாள்.

"இன்ஜினீயரே உறுதி சொல்லிட்டாரும்மா. தைரியமாக் கையெழுத்துப் போடு."