நாற்பது நிமிடம் பின்னால்

பதினொன்றேகாலுக்கு மருத்துவமனையின் எல்லாத் திரைகளும் ஒரே சமயத்தில் திணற ஆரம்பித்தன.

காலையில் புறவழிச் சாலையில் பஸ் கவிழ்ந்திருந்தது. அவசரப் பிரிவு நிரம்பி வழிந்தது. மூன்றாவது மாடியில் சர்வர்களைக் கவனிக்கும் எனக்கு வந்த போன்களில் பாதி வசவு.

எங்களிடம் இரண்டு சர்வர்கள். புதிதாக வருகிறவர்களை மூல சர்வரில் பதிவார்கள். அது உடனுக்குடன் நகல் சர்வருக்குப் போய்ச் சேரும். தேடுவதெல்லாம் நகலில்தான்.

நகல் நாற்பது நிமிடம் பின்தங்கிக் கிடந்தது.

ஏன் என்று தோண்டினேன். ஒரே ஒரு தேடல் அதன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. இருபது வருடப் பதிவுகளையும் அடிமுதல் நுனிவரை துழாவும் தேடல். முடிந்ததும் மறுபடி. அதே பெயர், ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்து மாறி. வயது பத்தொன்பது.

விசாரணைக் கவுண்டரிலிருந்து வந்துகொண்டிருந்தது. அங்கே உட்காரும் அக்கா எனக்குப் பழக்கம்தான். இருந்தும் எரிச்சலோடுதான் போன் செய்தேன்.

"என் பையன் அந்த பஸ்லதான் போனான் தம்பி. போன் எடுக்கல. பேரைத் தப்பா எழுதியிருப்பாங்களோன்னு மாத்தி மாத்திப் போட்டுப் பாக்குறேன். எல்லாத் தடவையும் இல்லைன்னுதான் வருது. இல்லைன்னா நல்லதுதானே?"

போனை வைக்காமலே அந்தப் பெயரை, இன்றைய தேதி மட்டும் போட்டு, மூல சர்வரில் தேடினேன்.

ஒரே வரி. பெயரில் ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

சேர்த்த நேரம் 10.48. கடைசிக் கட்டத்தில் இன்னொரு நேரம், 11.05. அந்தக் கட்டம் காலியாக இருக்கும்வரைதான் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம்.

அவருடைய தேடலை நிறுத்தினால் ஐந்தே நிமிடத்தில் நகல் தேறிவிடும். டாக்டர்களுக்கு அது வேண்டும். ஆனால் அவருக்கும் தெரிந்துவிடும். தனியாக.

நிறுத்தினேன். அவர் லாகினையும் முடக்கினேன். கம்ப்யூட்டரில் கோளாறு, தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, லிப்டுக்குக் காத்திராமல் படிகளில் ஓடினேன்.

கவுண்டர் முன்னால் பஸ்ஸில் போனவர்களின் உறவினர்கள் வரிசையாக நின்றார்கள். அத்தனை பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டேதான் அவர் தேடியிருக்கிறார்.

"சரியாயிடுச்சா தம்பி? இப்பத் தேடலாமா?"

பக்கத்துக் கவுண்டரில் பெயர்கள் சட்சட்டென்று வர ஆரம்பித்திருந்தன.

நான் கையை நீட்டி அவருடைய திரையை அணைத்தேன்.

அதன் பிறகு அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.