ப்ரொப்பெல்லர் நிற்கக் கூடாது

"மூணு மாசமா சொல்றேன். இடுப்பத் திருப்புங்க, கழுத்தத் திருப்பாதீங்க. நூத்தி இருவத்தஞ்சுல வைங்க, அதத் தாண்டாதீங்க."

லுபோமீர் இதைச் சொன்னபோது வாயில் பாதி சாசேஜும் மீசையில் கடுகு விழுதும் இருந்தன. ஆனாலும் வேலியோரம் நின்ற ஒன்பது பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். மொராவியாவின் அந்தச் சின்னப் புல்தரை விமானத் திடலில், விமானங்களைப் படம் எடுப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

நூற்று இருபத்தைந்து என்பது கேமராவின் ஷட்டர் வேகம். ஒரு வினாடியை அத்தனை கூறாக்கி, அதில் ஒரு கூறு நேரம் மட்டும் திறந்து மூடும். பறக்கும் விமானத்தோடு ஆளும் சீராகத் திரும்பினால் விமானம் பளிச்சென்று விழும், ப்ரொப்பெல்லர் சுழல்வதும் தெரியும். வேகத்தை ஏற்றினால் ப்ரொப்பெல்லர் உறைந்து, விமானம் கயிற்றில் தொங்கும் பொம்மை மாதிரி ஆகிவிடும். குடித்துவிட்டு வந்து வேலியில் சாய்ந்து தூங்கினால்கூடச் சங்கத்தில் மன்னிப்பு உண்டு, நின்றுபோன ப்ரொப்பெல்லருக்குக் கிடையாது.

ரெனாத்தாவுக்குக் கடைசி பெஞ்சு. இதுவரை அவள் எடுத்ததில் பாதி வால், நிறைய மேகம், ஒரு தடவை லுபோமீரின் காது.

"இந்தம்மாவுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். அவளுக்கு விமானங்களின் மேல் ஒரு பிரியமும் கிடையாது. விமானம் ஓட்டும் கணவன் ராதிம் மேல்தான் பிரியம், அதுவும் சமீபகாலமாகக் குறைந்துகொண்டே வந்தது.

ராதிம் வாரநாட்களில் அங்கே விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். சனிக்கிழமை மட்டும் எஞ்சினைச் சோதிக்கிறேன் என்று பழைய மஞ்சள் விமானத்தைத் தனியாகக் கிளப்புவான். ஆற்றுக்கு அப்பால் போய் மறைவான். அரை மணி கழித்துத் திடலுக்கு மேல் வந்து ஒரு வட்டம் அடிக்கும்போது கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு தலைகள் இருக்கும். மறுபடி ஆற்றுப் பக்கம் போய்விட்டு வந்து இறங்கும்போது ஒரு தலைதான்.

கேட்டதற்கு, "முன்சீட்ல மணல் மூட்டை வெச்சேன், எடைக்காக" என்றான்.

அந்த மணல் மூட்டை கையசைத்ததை அவள் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள்.

அவளுக்கு வேண்டியது மூட்டையின் முகம். முகம் தெரிந்துவிட்டால், வீட்டில் பெட்டி கட்டுவது தானா அவனா என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிடலாம். அதற்காகத்தான் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வாங்கி, சங்கத்தில் சேர்ந்து, இத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் லுபோமீர் சொன்ன நூற்று இருபத்தைந்தில், பழகாத அவள் கைக்கு முகமெல்லாம் பிசைந்த மாவாகத்தான் விழுந்தது.

இன்று யாரும் பார்க்காதபோது ரெனாத்தா இரண்டாயிரத்துக்குத் திருகினாள்.

பத்தேகாலுக்கு மஞ்சள் விமானம் ஆற்றைத் தாண்டி வந்தது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். ஃபோகஸ் புள்ளியைக் கண்ணாடிக் கூண்டின் மேல் வைத்தாள். இடுப்பு திரும்பியது, கழுத்து திரும்பவில்லை. விரலை எடுக்காமல் அழுத்தினாள்.

திரையில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ப்ரொப்பெல்லர் அப்படியே நின்றுபோயிருந்தது. ராதிமின் மீசையை மயிர் மயிராக எண்ணலாம். முன்சீட்டு முகமும் அதே துல்லியத்தில் விழுந்திருந்தது.

ரெனாத்தா வேலியைப் பிடித்துக்கொண்டாள். முதலில் நம்ப முடியவில்லை, அப்புறம் அடக்க அடக்கச் சிரிப்பு வந்தது. மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிப் போனதில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"விழுந்திருச்சா? கொடுங்க பாப்போம்" என்று லுபோமீர் கையை நீட்டினார்.

காட்டினால் தலைவரிடம் முதல் தடவையாக ஒரு சபாஷ் கிடைக்கலாம். ஆனால் அந்த முன்சீட்டுக்கு அடுத்த சனிக்கிழமை என்று ஒன்று இருக்காது. ஒவ்வொன்றாக எல்லாப் படங்களையும் அழித்தாள்.

"ப்ரொப்பெல்லர் நின்னுபோச்சு தலைவரே. ரெண்டாயிரத்துல வெச்சுட்டேன். அழிச்சிட்டேன்."

வேலியோரம் ஒருவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். இந்தக் குற்றத்துக்கென்றே சங்கத்தில் ஒரு குழந்தைத் தொப்பி இருந்தது, உச்சியில் பிளாஸ்டிக் காத்தாடி வைத்தது. அதை மத்தியானம்வரை கழற்றக் கூடாது. லுபோமீரே தன் கையால் அவள் தலையில் மாட்டிவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பொம்பளைங்களுக்கும் ப்ளேனுக்கும் ஒத்து வராது. என் வீட்டுக்காரி விளாஸ்தா இருக்காளே, காரைப் பின்னால எடுக்கச் சொன்னாலே கையி உதறும். சனிக்கிழமையானா, ப்ளேன் சத்தம் தலைவலின்னு அக்கா வீட்டுக்குப் போயிடுவா."

"பாவம்" என்றாள் ரெனாத்தா.

"இதப் பாருங்க. படம்னா இது." லுபோமீர் தன் கேமராவைக் காட்டினார். ப்ரொப்பெல்லர் வெள்ளிவட்டமாகச் சுழன்றது. கூண்டுக்குள் நிழலடித்து, இரண்டு தலைகளும் வெறும் கறுப்பாகத் தெரிந்தன.

"ரொம்ப நல்லா இருக்கு தலைவரே, இப்பிடியே எடுங்க" என்றாள் ரெனாத்தா, மனதார.

அவள் அழித்த படத்தில், பின்சீட்டில் ராதிம் இரண்டு கைகளையும் கூப்பிக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தான். முன்சீட்டில் நாக்கைக் கடித்துக்கொண்டு, புருஷன் தலைக்கு நேர் மேலே விமானத்தை வளைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள் விளாஸ்தா.