பேரிக்காயில் கட்டிய நூல்

நாயுடுபுரத்துச் சின்ன ஆஸ்பத்திரியின் மேசையில் மூன்று எவர்சில்வர் டம்ளர்கள் நிற்கின்றன. எக்ஸ்ரே படங்களைச் சேமித்துவைக்க ஆஸ்பத்திரிக்கு வாங்கப்போகும் மூன்று சர்வர் கம்ப்யூட்டர்கள் அவை என்கிறாள், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சத்தியபிரியா. டாக்டர் ராஜகுமாரியின் சிவப்புக் கம்பளி நூலை வெட்டி, ஒவ்வொரு டம்ளரையும் நடுவில் இருக்கும் பேரிக்காயோடு கட்டுகிறாள். மூன்றும் ஒன்றோடொன்று பேச இணைத்துவைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் அந்தப் பேரிக்காய். திறந்த ஜன்னல் வழியே மேகம் உள்ளே வந்து நூலில் பொடிப்பொடியாய் மினுங்குகிறது. போன ஐப்பசியில் இடி விழுந்து, இருந்த ஒரே கம்ப்யூட்டர் கருகி, அத்தனை எக்ஸ்ரே படங்களும் போயின. டாக்டருக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஒரு டம்ளரைத் தூக்குகிறார். "இது கருகிருச்சுன்னா?" "ஒவ்வொரு படமும் ரெண்டு டம்ளர்ல கெடக்குமுங்க டாக்டர். இது பாத்த சோலிய மத்த ரெண்டும் வெரசாப் பங்கு போட்டுக்கும்." "அட!" டம்ளரை வைத்துவிட்டு, பேரிக்காயை எடுத்து நறுக்கென்று கடிக்கிறார். "இப்ப?" நூல்கள் மூன்றும் அவர் விரலிடுக்கில் தொங்குகின்றன. டம்ளர்கள் பத்திரமாகத்தான் நிற்கின்றன. ஒன்றோடொன்று பேசத்தான் வழியில்லை. சத்தியபிரியா நெற்றியில் அடித்துக்கொள்கிறாள். "எல்லாத்தையும் யோசிச்சேன், இத மட்டும் ஒத்தையா விட்டுட்டேனே!" "நல்லா இனிக்குது, நீ யோசி." சிரிப்பை அடக்க முடியாமல் பையைத் துழாவி இன்னொரு பேரிக்காயை எடுத்து வைக்கிறாள். "ஸ்விட்சும் ரெண்டு. அப்ப டம்ளருக்கு ரெண்டு நூல் வேணுமுங்க. நூலு தீந்துபோச்சே." டாக்டர் பழத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு, மடியில் கிடக்கும் பாதி பின்னிய ஸ்வெட்டரைப் பிரிக்கத் தொடங்குகிறார்.