கைப்பிடி இல்லாத கதவு

ஒரு கைக்குழந்தையின் ரத்தத்தில் ஓடிய சிவப்பணுக்கள் எதற்கும் கதவில் கைப்பிடி இல்லை. அதைச் செய்யவேண்டிய மரபணு மாமா, எலும்பு மஜ்ஜைக்குள் குறட்டை விட்டுத் தூங்கினார். “சோம்பேறி மனுஷன்!” என்று இளைய சிவப்பணு தினமும் கரித்துக்கொட்டுவாள்.

ஒருநாள், கல்லீரலில் பதுங்கியிருந்த மலேரியாக் கிருமி வந்து அவள் கதவைத் தடவியது.

“அக்கா, குளிருது. நான் ஒத்தை ஆளுதான், திறங்க.”

“கைப்பிடி இல்லப்பா. செய்யறவர் தூங்குறார்.”

“அடப்பாவமே! ஓடிப்போய் எழுப்புங்க, நான் நிக்கிறேன்.”

ஓடினாள். பாதி வழியில் சுருக்கென்றது. ஒத்தை ஆள் என்றவன் வயிற்றுக்குள் பத்துக் குரல் கேட்டதே? இவன் நுழைந்தால் குழந்தை என்னாகும்?

காலடிச் சத்தத்தில் மாமா கண் திறந்தார். “என்னம்மா, வேலை இருக்கா?”

“ஒண்ணுமில்ல மாமா, நீங்க தூங்குங்க” என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.