எத்தனை தடவை திருத்தலாம்?

"அச்சடிச்சதுக்கு அப்புறம் திருத்தலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

லிஃப்ட்காரர் மூன்றாவது முறையாக இதையே கேட்டார். முப்பத்துநாலு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதிய புத்தகத்தை எந்தக் கம்பெனியிடம் கொடுப்பது என்று பார்க்கத்தான் டைப்பிங் கடைக்கு வந்திருந்தார்.

கடைக்காரம்மா கம்ப்யூட்டரில் மூன்று கம்பெனிகளைத் திறந்து வைத்திருந்தாள். மூன்றுக்கும் ஒரே தொழில்தான். புத்தகத்தை ஏற்றிவிட்டால் போதும். யாராவது ஒரு பிரதி கேட்டால், ஒரே ஒரு பிரதி அடித்து அனுப்புவார்கள். யாரும் கேட்காவிட்டால் அடிக்கவே மாட்டார்கள்.

"யாரும் கேக்கலைன்னா அவனுக்கு என்ன லாபம்?" என்றார்.

"ஒண்ணும் இல்ல."

"லாபம் இல்லாம ஒருத்தன் கடையைத் தொறந்து வெச்சிருக்கான். அதை நான் நம்பணும்."

"ஐயா, உங்களை மாதிரி லட்சம் பேர் ஏத்துறாங்க. அதுல நூறு பேர் புத்தகம் ஓடினாலே அவனுக்குப் போதும்."

"அப்படிச் சொல்லுங்க. அது நியாயம்."

கடைக்காரம்மா முதல் கம்பெனியைக் காட்டினாள். "இவன் தாள் நல்ல கனம். அட்டையும் பளபளன்னு இருக்கும்."

"திருத்தம்?"

"ஒரு தடவை சும்மா. அடுத்த தடவையில இருந்து காசு."

"வேணாம்."

"ரெண்டாவது ஆள் வித்த காசுல உங்களுக்கு நிறைய பங்கு தர்றான். ஆனா இந்த நாட்டுக்குள்ள மட்டும்தான் அனுப்புவான்."

"அவனும் வேணாம். எல்லா நாட்டுலயும் கிடைக்கணும்."

கடைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆசையைப் பாருங்க. என் மகன் ஒருத்தன் படிச்சாப் போதும்னு நீங்கதான சொன்னீங்க? ஒருத்தருக்கு எதுக்கு ஐயா எல்லா நாடும்?"

"அவன் ஒரு இடத்துல உக்கார்ற ஆளா? எங்க இருந்தாலும் கைக்குக் கிடைக்கணும்."

நாலு மாதமாக அவர் புத்தகத்தை டைப் அடித்தவள் அவள். பழைய சர்வீஸ் தாள்களின் பின்பக்கத்தில், கோணல் மாணலாக, பென்சிலால் எழுதியிருந்தார். தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வரிகூட எழுதவில்லை. மகன் கதை எழுதிய நோட்டைத் தண்ணீர் வாளியில் போட்டதை எழுதியிருந்தார். 'கதை எழுதுறவனுக்கு இந்த வீட்டுக் கதவு திறக்காது' என்று சொன்னதை எழுதியிருந்தார். பத்தொன்பது வயதில் அவன் ஒரே ஒரு பையோடு படி இறங்கிப் போனதையும், ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கிய தனக்கு அந்த ஒரு மாடி இறங்கிப்போய் அவனைக் கூப்பிட முடியாமல் போனதையும் எழுதியிருந்தார். பிறகு பதினோரு வருடம் பேச்சே இல்லை.

"கடைசி அத்தியாயம் டைப் அடிக்கறப்ப எனக்குக் கண்ணு மறைச்சிருச்சு ஐயா," என்றாள். "உங்க மகன் வந்து கதவைத் தட்டுறாரு. நீங்க நாற்காலியை இழுத்துப் போடுறீங்க. எழுதினதை வாசிச்சுக் காட்டுடான்னு சொல்றீங்க பாருங்க, அந்த இடம்."

லிஃப்ட்காரர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த இடத்துல ரெண்டு எழுத்து தப்பா அடிச்சிருந்தீங்க."

"அழுதுக்கிட்டே அடிச்சா அப்படித்தான்."

"மூணாவது ஆளைச் சொல்லுங்க."

"அட்டை கொஞ்சம் மெலிசு. வந்து சேரவும் நாளாகும். ஆனா எல்லா நாட்டுக்கும் அனுப்புவான். எத்தனை தடவை வேணா திருத்தலாம், காசு கிடையாது. திருத்தினதுக்கு அப்புறம் யார் கேட்டாலும் புதுசுதான் போகும்."

"அஞ்சு வருசம் கழிச்சுத் திருத்தினாலும்?"

"அஞ்சு வருசம் கழிச்சும்."

"பத்து?"

"ஐயா, அவன் கம்பெனியும் நானும் இருக்கிற வரைக்கும்."

"வாய்ச்சொல்லா, எழுத்துல இருக்கா?"

விதிகள் இருந்த பக்கத்தைத் திறந்து வாசித்துக் காட்டினாள். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தாள்.

"இவனுக்கே குடுங்க."

"நாலு மாசமா ரெண்டு பேரும் சேந்து பிழை பாத்தாச்சு. இன்னும் என்னத்தைத் திருத்தப் போறீங்க?"

"மறுபடி கழட்ட முடியாத மாதிரி ஒரு பாகத்தை மாட்டுறவன் வேலை தெரியாதவன்."

அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். தலைப்பை அடித்தாள். பெயரை அடித்தாள். விலையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கச் சொன்னார், குறைத்தாள். கடைசியாக, புத்தகம் எந்த வகை என்று கம்ப்யூட்டர் கேட்டது. கற்பனையா, வாழ்க்கை வரலாறா?

"வாழ்க்கை வரலாறுன்னு போடுறேன். எல்லாம் நடந்ததுதானே?"

லிஃப்ட்காரர் பொய்யாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுப் பழகாத மனிதர்.

"பத்தொன்பது அத்தியாயம் நடந்தது," என்றார். "இருபதாவது இன்னும் நடக்கலைம்மா. அவன் வந்து நிக்கிற அன்னைக்கு என்ன சட்டை போட்டிருக்கான், என்ன சொல்றான்னு பாத்துட்டு நேரா இங்கதான் வருவேன், அதை மட்டும் சரியா மாத்திக் குடுங்க."