ஓராண்டுத் தாவரம்

‘ஓராண்டு’ என்ற சொல்லுக்கு அடியில் தலைமைப் பொறியாளர் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டார்.

இருபத்தாறு பக்க அறிக்கையில் அவர் படித்தது அந்த ஒரு சொல்லைத்தான்.

“அப்போ அடுத்த வருஷம் இந்தச் செடி இருக்காது. அப்படித்தானேம்மா?”

“செடி செத்துடும் சார். விதை சாகாது. அதனாலதான்...”

“நீங்கதானே எழுதியிருக்கீங்க, ஓராண்டுத் தாவரம்னு?”

நான்தான் எழுதினேன். பள்ளிப் பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. மண்ணில் விழுந்த எட்டாவது வாரம் பூத்து, ஆயிரக்கணக்கில் விதையைக் கொட்டிவிட்டு, வந்த வேலை முடிந்ததென்று காய்ந்துபோகும் செடிக்கு அதுதான் பெயர். அதை மருந்து அட்டையில் போடும் காலாவதித் தேதியாக ஒருவர் வாசிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

திறந்திருந்த ஜன்னல் வழியே தண்ணீர் தெளிப்பான் டிக் டிக் என்று சுற்றும் சத்தம் கேட்டது. அறைக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். எதிர் நாற்காலியில் அவர் வாங்கிய கேடயங்கள் உட்கார்ந்திருந்தன.

கடல் கடந்து வந்த பூ அது. ஆரஞ்சு நிறம், பார்க்க லட்சணம். ஆறு வருடங்களுக்கு முன் ‘சாலை அழகுத் திட்டம்’ என்று நாடா வெட்டி, எங்கள் நெடுஞ்சாலைத் துறையே பொட்டலம் பொட்டலமாகத் தூவியது. இரண்டு கிலோமீட்டருக்கு. இப்போது நாற்பத்தோரு கிலோமீட்டர். சாலையை விட வேகமாக நீளுகிறது. சாலைக்காவது டெண்டர் விட வேண்டும்.

விதை ஊசியாக, கறுப்பாக இருக்கும். நுனியில் இரண்டு முள். துணி, டயர், நாயின் வால் என்று எது கிடைத்தாலும் தொற்றிக்கொண்டு அடுத்த ஊர் போய்விடும். ஆனால் அதற்கு வாய்த்த சொகுசு வாகனம் எங்கள் துறையின் புல் அறுக்கும் வண்டிதான். விதை முற்றும்வரை வண்டி கொட்டகையை விட்டு அசையாது. அதுவரை மேலிடத்திலிருந்து வருகிறவர்கள் பூவோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமே.

வண்டி ஓட்டுநர் அதற்குத் ‘தலைவர் பூ’ என்று பெயர் வைத்திருக்கிறார். “கூப்பிடாத எடத்துக்கெல்லாம் வரும் மேடம். ஒரு வேலையும் செய்யாது. போட்டோவுல மட்டும் முன்னால நிக்கும்.”

நான் கேட்டது ஒரே ஒரு கையெழுத்து. வண்டி இந்த வாரமே கிளம்ப. முதல் விதைகள் முற்றத் தொடங்கிவிட்டன. பத்து நாள் போனால் மொத்தமும் முற்றிவிடும். சாலைக்கு அந்தப் பக்கம் வயல்கள்.

அவர் பேனாவைத் திறந்தார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம்.

“மேற்படி தாவரம் ஓராண்டில் தானாகவே அழிந்துவிடும் என அறியப்படுவதால், நடவடிக்கை ஏதும் தேவையில்லை.”

கொஞ்சம் யோசித்தார். யோசிக்க முடிந்த மகிழ்ச்சியில் இன்னொரு வரி சேர்த்தார்.

“ஆகவே, தாவரவியலாளர் பணியிடமும் இனித் தேவைப்படாது.”



“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. செடியே இருக்காது. அப்புறம் செடிக்கு டாக்டர் எதுக்கு?”

என் வேலையும் ஓராண்டு ஒப்பந்தம்தான். ஆறு முறை முளைத்திருக்கிறேன். இந்த முறை காய்ந்துபோக இன்னும் ஒன்பது வாரம் பாக்கி.

கடைசி முயற்சியாகப் பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். பாதி டப்பா விதை. சாலையிலிருந்து திரும்பும்போதெல்லாம் அலுவலக வாசலிலேயே உட்கார்ந்து, கால்சட்டையில் ஒட்டியதை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். ஒரு விதை வாசலைத் தாண்டியதில்லை. “என்ன மேடம், கால்சட்டைக்குப் பேன் பாக்குறீங்களா?” என்று காவலாளி கேட்காத நாளும் இல்லை.

“இந்த வாரம் என் துணியில மட்டும் ஒட்டினது சார் இது. முளைக்கிறதுக்குக் கொஞ்சம் ஈரம் போதும். தயவுசெஞ்சு ஒரு தடவை பாருங்க.”

பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

“சலூன் குப்பையாட்டம் இருக்கு. இதையெல்லாமா மேஜை மேல வைப்பீங்க?”

எழுந்தார். டப்பாவைத் தாமே தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெளியே கையை நீட்டிக் கவிழ்த்தார். அடியில் ஒட்டியதும் விழ வேண்டும் என்று இரண்டு தட்டு தட்டினார். ஆறு வருடங்களில் அவர் தம் கையால் செய்து நான் பார்த்த முதல் களப்பணி அது.

ஜன்னலுக்கு நேர் கீழேதான் அவருடைய புல்தரை. கம்பளமாகச் சுருட்டி லாரியில் வந்து இறங்கியது. சிறந்த அலுவலக வளாகத்துக்கான பரிசுக்காகப் போட்டது. புல்லைத் தவிர வேறு இலை தலைகாட்டினால் தோட்டக்காரருக்கு விளக்கக் கடிதம் போகும்.

‘சார்’ என்ற சொல் தொண்டை வரை வந்தது. பணியிடமே தேவைப்படாத ஒருத்தி கருத்துச் சொல்வது முறையாகாது என்று விழுங்கிவிட்டேன்.

காலி டப்பாவைக் கையில் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

கீழே தெளிப்பான் சுற்றிக்கொண்டே இருந்தது. நாள் தவறாமல், இரண்டு வேளை.

எனக்கு ஒன்பது வாரம் இருக்கிறது.

அதற்கு எட்டே போதும்.